டிசம்பர் முதல் பெப்ரவரி வரை: மீன் தொட்டிக்கு ஹீட்டரா, மூடியா?

ஜனவரி இரண்டாம் வாரம், காலை ஆறரை மணிக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து அக்காவின் மகன் போன் எடுத்தான். “சித்தி, தண்ணி 23க்கு வந்திட்டுது. நியோன் எல்லாம் ஒரு மூலையில ஒதுங்கி நிக்குது. ஹீட்டர் வாங்கட்டா?”

“வாங்கலாம். ஆனா இண்டைக்கு வாங்காத. பின்னேரம் நான் வாறன், பாத்திட்டு முடிவெடுப்பம்” என்றேன்.

வெள்ளவத்தையில் இருக்கும் எங்கள் வீட்டில் பதினைந்து வருடமாக மீன் வளர்க்கிறோம். ஒவ்வொரு மார்கழியிலும் யாராவது ஒருவர் இதே கேள்வியோடு வருவார். கொழும்பில் குளிர்காலம் என்று தனியாக ஒன்று இல்லைதான். ஆனால் டிசம்பர் நடுவிலிருந்து பெப்ரவரி வரை அதிகாலை வெப்பம் 22 பாகை அளவுக்கு இறங்குகிறது. பகலில் அதே இடம் 31ஐத் தொடுகிறது. வடகீழ்ப் பருவக் காற்று மலைகளைத் தாண்டி நம் பக்கம் வரும்போது ஈரத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறது. அதனால்தான் ஜனவரியில் பல்கனியில் போட்ட சேலை மத்தியானத்துக்குள் காய்ந்துவிடுகிறது, உதடு வெடிக்கிறது. அந்தக் காற்றுதான் தொட்டித் தண்ணீரையும் குளிரவைக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அக்கா மகனின் தொட்டி இரண்டரை அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், அதே அளவு உயரம். விளிம்புவரை நிரப்பினால் 110 லீட்டர் பிடிக்கும். உள்ளே பன்னிரண்டு நியோன் டெட்ரா, கொஞ்சம் கப்பி, இரண்டு குட்டி ஏஞ்சல். (ஏஞ்சல் வளர்ந்தால் நியோனைச் சாப்பிட்டுவிடும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். அது வேறு கதை.) தொட்டி பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. மேலே மூடி இல்லை. நேர் மேலே சீலிங் ஃபேன், இரவு முழுக்க ஓடுகிறது. கதவைத் திறந்து வைத்துத்தான் வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். காலையில் 23, பின்னேரம் வெயில் தொட்டியில் அடித்த பிறகு 27.

நியோன் மூலையில் ஒதுங்கியதற்கு 23 காரணமில்லை. நியோன் டெட்ரா 21, 22இலும் நன்றாக இருக்கும். ஒரே நாளில் நாலு பாகை ஏறி இறங்குவதுதான் அதற்குச் சிரமம். இது புரிந்தால்தான் எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்று தெளிவாக யோசிக்கலாம். தண்ணீரைச் சூடாக்குவது ஒரு வேலை. இருக்கிற சூட்டைப் போகவிடாமல் வைத்திருப்பது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், இரண்டாவதற்கு ஒரு தடவை கட்டினால் போதும்.

முதல் வழி, அவன் கேட்டதுதான்: ஒரு 100 வாட் ஹீட்டர் வாங்கி 27இல் வைத்துவிடுவது. 100 வாட் என்றதும் பலர் 24 மணி நேரமும் 100 வாட் ஓடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. வெப்பம் குறைந்தால் பற்றும், வந்ததும் அணையும். கேள்வி எவ்வளவு நேரம் பற்றுகிறது என்பதுதான். அதை முடிவு செய்வது ஹீட்டரின் வாட் இல்லை, தொட்டி எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பது.

அந்த இழப்பு எங்கே நடக்கிறது? கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருப்பதால் எல்லாம் கண்ணாடி வழியே போகிறது என்று நினைப்போம். கொழும்பில் தண்ணீருக்கும் அறைக்கும் இடையே ஒன்று, இரண்டு பாகைதான் வித்தியாசம். அதற்குக் கண்ணாடி வழியே பெரிதாக எதுவும் போய்விடாது. பெரும்பங்கு மேல் பக்கமாக ஆவியாகப் போகிறது. ஒரு லீட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.68 யூனிட் (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட், ஒரு கிலோவாட் மணி) அளவு சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. இது இயற்பியல், எந்தத் தொட்டிக்கும் பொருந்தும்.

அதை அவன் நம்ப வேண்டும் என்பதற்காக அன்று ஒரு சின்ன வேலை செய்தோம். தண்ணீர் மட்டத்தில் கண்ணாடியின் வெளிப்பக்கம் மார்க்கர் பேனையால் ஒரு கோடு. ஒரு வாரம் தண்ணீர் ஊற்றக்கூடாது. அடுத்த ஞாயிறு பார்த்தால் மட்டம் ஒன்றரை சென்ரிமீற்றர் இறங்கியிருந்தது. பார்க்க ஒன்றுமில்லை மாதிரித்தான் இருந்தது. ஒரு லீட்டர் ஜக்கால் அளந்து ஊற்றினோம். நாலு ஜக் போய், இன்னும் கொஞ்சம் பிடித்தது. நாலேகால் லீட்டர் என்று வைத்தால் வாரத்துக்கு 2.9 யூனிட், மாதத்துக்கு 12 யூனிட்டுக்கு மேல். ஹீட்டர் இல்லாத தொட்டியில் இந்தச் சூட்டை அறைக் காற்று கொடுக்கிறது. அதனால்தான் தண்ணீர் எப்போதும் அறையைவிட ஒன்றிரண்டு பாகை குளிர்ந்து நிற்கிறது. ஹீட்டர் போட்டு 27இல் பிடித்து வைத்தால் அதை ஹீட்டர் கொடுக்கும், காசை நாங்கள் கொடுப்போம். கண்ணாடி வழியே போவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மூடி இல்லாத அந்தத் தொட்டிக்கு மாதம் 16 முதல் 18 யூனிட் வரும்.

இரண்டாம் வழி, மூடி. வெறும் மூடிதான். கண்ணாடிக் கடையில் தொட்டியின் உள் அளவைக் கொடுத்து 4 மில்லிமீற்றர் கண்ணாடியை இரண்டு துண்டாக வெட்டி, விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். ஒரே துண்டாக வாங்கினால் சாப்பாடு போடும் ஒவ்வொரு தடவையும் முழுதாகத் தூக்க வேண்டிவரும், ஒரு நாள் கை நழுவும். பின்பக்கம் ஒரு விரல் அகலம் இடைவெளி விடுங்கள், வயரும் எயார் குழாயும் போக வேண்டும், காற்றும் வர வேண்டும். எவ்வளவுக்கு மூடுகிறதோ அவ்வளவுக்கு ஆவி நிற்கும். நன்றாக மூடிய தொட்டியில் ஆவியாகப் போகும் இழப்பு முன்பு இருந்ததில் கால் பங்குக்கு வந்துவிடும்.

மூடி போட்ட அடுத்த நாள் காலை அவன் ஒரு படம் அனுப்பினான். கண்ணாடியின் அடிப்பக்கம் முழுக்கத் துளி. பெரிதானவை நடுவில் தொங்கிக்கொண்டிருந்தன, ஒன்று விழும் நேரத்தில் படம் எடுத்திருந்தான். அத்தனை துளியும் முன்தின இரவு ஃபேன் காற்றோடு போயிருக்க வேண்டியவை. தொட்டியைப் பல்கனிக் கதவிலிருந்து உள்சுவர்ப் பக்கம் மாற்றியதும் அன்றே நடந்தது. (தண்ணீரை முக்கால்வாசி எடுத்துவிட்டுத்தான் நகர்த்த வேண்டும். நிரம்பிய தொட்டியைத் தள்ளினால் ஒட்டு விடும்.) மூன்றாம் நாளிலிருந்து காலையில் 25, பின்னேரம் 26. நியோன் மூலையை விட்டு நடுவுக்கு வந்துவிட்டது.

மூடி எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொல்லவில்லை. அதில் உப்புப் படியும், பாசி பிடிக்கும், வாரம் ஒரு தடவை துடைக்காவிட்டால் வெளிச்சம் குறையும். ஏப்ரலில் கொழும்பு புழுங்கத் தொடங்கியதும் ஒரு துண்டை எடுத்துவிட வேண்டும். அப்போது ஆவியாவதுதான் மீனுக்கு நல்லது, தண்ணீர் 30ஐத் தாண்டாமல் அதுதான் பார்த்துக்கொள்ளும்.

மூன்றாம் வழி இரண்டையும் சேர்ப்பது: மூடி போட்டு, ஹீட்டரை 27இல் வைக்காமல் 24.5 அளவில் வைப்பது. மூடிய தொட்டி காலையிலும் 25இல் நிற்பதால் ஹீட்டர் பெரும்பாலான நாட்கள் பற்றவே பற்றாது. நாலு நாள் தொடர்ந்து மழையும் காற்றுமாக இருந்தால் மட்டும் எழும்பி வேலை செய்யும். மாதம் ஒரு யூனிட் வந்தாலே அதிகம். ஏஞ்சலும் ஃபைட்டரும் வைத்திருப்பவர்களுக்கு, மனநிம்மதி வேண்டுமென்றால், இது நல்ல ஏற்பாடு. அதே மூடியோடு 27 வேண்டும் என்றால் மாதம் 6, 7 யூனிட். நியோனும் கப்பியும் மட்டும் இருக்கும் தொட்டிக்கு அந்தச் செலவு தேவையில்லை.

நான்காவது ஒன்று இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வதே அதைத்தான்: நம் வெப்பத்துக்கு ஏற்ற மீனை எடுப்பது. செரி பார்ப் இலங்கைக்கே உரிய மீன், தென்மேற்கு மழைக்காட்டு நீரோடைகளில் வாழ்வது. 1929இல் இலங்கை விலங்கியலாளர் தெரணியகல அதை முதன்முதலில் விவரித்து எழுதினார். மர நிழலில் ஓடும் அந்தத் தண்ணீர் குளிர்ந்தது, 22, 23 அதற்குப் பழகிய வெப்பம். ஜனவரி காலையில் மற்ற மீன் சோர்ந்திருக்கும்போது இது சிவந்து நின்று பெட்டையைத் துரத்தும். பிளாக் ரூபி பார்ப்பும் அப்படித்தான். இரண்டையும் பண்ணையில் வளர்த்ததா என்று கேட்டு மட்டும் வாங்குங்கள், ஓடையில் பிடித்தது என்றால் வேண்டாம். ஏற்கெனவே அந்தக் காடுகள் குறைந்துகொண்டு போகின்றன. சீப்ரா டானியோவும் இந்தக் காலநிலையில் எந்தக் குறையும் சொல்லாது. கோல்ட்ஃபிஷ் குளிரை விரும்பும் மீன், அதற்கு ஹீட்டர் கேட்பவர்களிடம் நான் வேண்டவே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சரி, ஹீட்டர் கதை இவ்வளவுதான். உண்மையில் அவன் வீட்டில் பணம் போய்க்கொண்டிருந்த இடம் வேறு. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எலக்ட்ரிக் சாமான் கடைகளில் பிளக்குக்கும் சொக்கெட்டுக்கும் நடுவில் மாட்டும் வாட் மீற்றர் கிடைக்கும். என்னுடையதை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மேல் பில்டரின் பம்ப் 25 வாட். இரண்டு 24 வாட் ட்யூப் லைட், காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை.

இந்த இடத்தில் ஒரு எளிய கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரமும் ஓடும் ஒவ்வொரு வாட்டும் மாதம் 0.72 யூனிட். 25 வாட் பம்ப் 18 யூனிட். லைட் இரண்டும் சேர்ந்து 12 மணி நேரத்துக்கு மாதம் 17 யூனிட்டுக்கு மேல். ஹீட்டர் வாங்கினால் எவ்வளவு வருமோ என்று அவன் பயந்த அதே அளவை, பம்ப்பும் லைட்டும் ஒவ்வொன்றும் தனித்தனியாக வருடம் முழுக்க எடுத்துக்கொண்டிருந்தன.

பம்ப்புக்குப் பதில் 4 வாட் எயார் பம்ப்பும் அதன் காற்றால் ஓடும் ஸ்பொஞ்ச் பில்டரும் போட்டால் மாதம் 3 யூனிட்டுக்குள் முடியும். பன்னிரண்டு நியோனுக்கும் கப்பிக்கும் அது தாராளம். ஏஞ்சல் பெரிதானால் இரண்டாவது ஸ்பொஞ்ச் ஒன்றை அதே பம்ப்பில் கொழுவலாம். ஆனால் பழைய பில்டரை அன்றைக்கே கழற்றிவிடாதீர்கள். அழுக்கைச் சிதைக்கும் பற்றீரியா அதில்தான் குடியிருக்கிறது, குளிரில் அது வளர்வதும் மெதுவாகத்தான். ஸ்பொஞ்சை ஐந்தாறு வாரம் பழைய பில்டரோடு சேர்த்து ஓட விடுங்கள், பிறகு கழற்றலாம். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பம்ப் எடுக்கும் மின்சாரம் கடைசியில் சூடாகத்தான் தண்ணீரில் சேர்கிறது. 25 வாட் பம்ப் ஒரு குட்டி ஹீட்டர் மாதிரி. அதை எடுத்துவிட்டால் தண்ணீர் அரைப் பாகை, ஒரு பாகை இறங்கலாம். எயார் குமிழி மேலே உடைவதும் ஆவியைக் கூட்டும். அதனால் மூடி போட்ட பிறகுதான் பில்டரை மாற்ற வேண்டும். மாற்றிச் செய்தவர்கள் “ஸ்பொஞ்ச் போட்டதும் மீன் சோர்ந்துபோச்சு” என்று வந்து நிற்பார்கள்.

கனிஸ்டர் பில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய பெட்டி பில்டர்) அழகானது, சத்தமில்லாதது, செடி நிறைந்த பெரிய தொட்டிக்கு அதுதான் சரி. இந்த அளவுக்கு அது தேவையில்லை. கரண்ட் போய்விட்டால் அதற்குள் அடைபட்ட தண்ணீரில் ஒட்சிசன் தீர்ந்துவிடும் என்பதும் ஒரு குறை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய காலத்தை நாங்கள் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் கரண்ட் போனபோதும் எங்கள் வீட்டில் பவர் பாங்கில் ஒரு யூ.எஸ்.பி. எயார் பம்ப்பைக் கொழுவி ஸ்பொஞ்சை ஓட்டினோம். 100 லீட்டர் தண்ணீர் சில மணி நேரத்தில் ஆறிவிடாது. அந்த நேரத்தில் மீனுக்குத் தேவை காற்று, சூடு இல்லை.

லைட்டைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 15 வாட் எல்.இ.டி., எட்டு மணி நேரம், ஒரு டைமர். மாதம் 3.6 யூனிட். அனுபியாஸ், ஜாவா ஃபேர்ன் போன்ற செடிகளுக்கு இது போதும். பாசியும் குறையும்.

ஆக அவனுடைய பம்ப்பும் லைட்டும் மாதம் 35 யூனிட் எடுத்த இடத்தில் இப்போது ஆறரை. 29 யூனிட் சின்னக் கணக்காகத் தெரியலாம். ஆனால் நம் நாட்டு வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு 90, 120, 180 என்று படிகள். மேல் படியில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் விலை கூட, நிலையான கட்டணமும் கூட. தொட்டியில் மிச்சம் பிடிக்கும் யூனிட் எப்போதும் பில்லின் உச்சியிலிருந்துதான் குறையும், அதாவது அதிக விலையான யூனிட்டே முதலில் குறையும். அவன் வீட்டில் ஜனவரிக்கு 128 யூனிட் வந்திருந்தது. 29ஐக் கழித்தால் 99, ஒரு முழுப் படி கீழே. உங்கள் பில்லையும் எடுத்து எந்தப் படியின் விளிம்பில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். விளிம்பைச் சற்றுத் தாண்டியவர்களுக்கு ஐந்து யூனிட் குறைந்தாலே பெரிய மாற்றம். ஏற்கெனவே 200க்கு மேல் போகிறவர்களுக்கு மூடியும் லைட்டும் மட்டும் போதாது, ஏசியையும் பார்க்க வேண்டும்.

ஏசி என்றதும் டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 வேண்டும், அதில் சமரசம் இல்லை. ராம் சிக்லிட்டும் அப்படித்தான். அவர்களுக்கு ஹீட்டர் வேண்டுமா என்பது கேள்வியே இல்லை, கட்டாயம் வேண்டும். ஆனால் படுக்கையறையில், இரவெல்லாம் ஏசி 24இல் ஓடும் இடத்தில் தொட்டியை வைத்துவிட்டு ஹீட்டர் போடுவது இரண்டு தடவை காசு கட்டுவது. ஹீட்டர் தண்ணீரைச் சூடாக்குகிறது, அந்தச் சூடு அறைக்கு வருகிறது, ஏசி மறுபடி உழைத்து அதை வெளியே தள்ளுகிறது. மூடி இல்லாத இதே அளவுத் தொட்டிக்கு நாளுக்கு ஒரு யூனிட் தாராளமாகப் போகும். தொட்டியை ஹோலுக்குக் கொண்டு வாருங்கள். முடியாவிட்டால் பின்பக்கத்துக்கும் இரண்டு கரைக்கும் ஒரு அங்குல ரெஜிபோம் ஒட்டுங்கள். டீவி, ஃபிரிட்ஜ் வந்த பெட்டியில் இருப்பதை வெட்டினாலே போதும். ஒட்டிய பக்கங்களில் சூட்டு இழப்பு முக்கால் பங்கு குறையும். தண்ணீருக்கும் அறைக்கும் ஐந்து பாகை வித்தியாசம் இருக்கும்போது அதற்குப் பலன் உண்டு. அவனுடைய நியோன் தொட்டிக்கு ரெஜிபோம் ஒட்டினால் ஒரு யூனிட் மிஞ்சினாலே அதிகம், அதனால் ஒட்ட வேண்டாம் என்றேன்.

செலவே இல்லாத ஒன்று, தண்ணீர் மாற்றும் நேரம். மொட்டைமாடித் தாங்கியில் இருக்கும் தண்ணீர் காலையில் குளிர்ந்திருக்கும், மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்கு வெயிலில் சூடேறியிருக்கும். ஜனவரியில் பின்னேரம் வாளியில் பிடித்து, குளோரின் நீக்கும் மருந்து போட்டு, கையை விட்டுப் பாருங்கள். தொட்டித் தண்ணீரும் வாளித் தண்ணீரும் கைக்கு ஒன்றாகத் தெரிய வேண்டும். சில நாள் அது மிக அதிகமாகச் சுடும், அப்போது கொஞ்ச நேரம் ஆற விடுங்கள். காலையில் வேலைக்குப் போகும் அவசரத்தில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றித்தான் வெள்ளைப்புள்ளி நோயைப் பலர் வரவழைக்கிறார்கள்.

அந்த நோய் வந்துவிட்டால் ஹீட்டர் மருந்துக்குத் துணை. வெப்பத்தை மெதுவாக 29, 30க்கு ஏற்றினால் கிருமியின் சுற்று வேகமாக முடிகிறது, மருந்து பிடிக்கிற கட்டத்துக்கு அது சீக்கிரம் வந்துவிடுகிறது. இதற்காகவே ஒரு 50 வாட் ஹீட்டரை வாங்கி லாச்சியில் வைத்திருங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். கப்பி, பிளாட்டி மாதிரி சூட்டைத் தாங்கும் மீன் என்றால் 20 லீட்டர் பெட்டியில் தனியாக வைத்துப் பார்க்க அது போதும். ஹீட்டரின் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். தண்ணீரிலிருந்து எடுக்கும் முன்பு பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். வயர் சொக்கெட்டை விடத் தாழத் தொங்கி மேலே ஏற வேண்டும், அப்போதுதான் வழிந்து வரும் நீர் சொக்கெட்டுக்குள் போகாது. ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீடு என்றால் முதலில் அதைப் போடுங்கள், மீன் பிறகு.

இந்தக் கதை நுவரெலியாவில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. அங்கே ஜனவரிக் காலையில் புல்லில் உறைபனி பிடிக்கும், வெப்பமண்டல மீன் வேண்டும் என்றால் ஹீட்டரும் மூடியும் ரெஜிபோமும் மூன்றும் வேண்டும்.

அவன் கடைசியில் மூடியும் ஸ்பொஞ்சும் எல்.இ.டி.யும் வாங்கினான், பெரிய ஹீட்டர் வாங்கவில்லை. 50 வாட் ஒன்று லாச்சியில் இருக்கிறது. பெப்ரவரி நடுவில் மூன்று நாள் காற்று பலமாக அடித்தது. காலையில் அவனே போன் எடுத்தான். “சித்தி, 24.5. எல்லாரும் நடுவிலதான் நிக்கினம்.”